நான்கு முறை சூரியனைப் பார்த்து ஒரு தீவை அடைய முடியுமா?

அண்டார்டிகப் பயணத் தலைவர் ஷாக்கிள்டனின் 'ஜேம்ஸ் கேர்ட்' படகுப் பயணத்தைப் பற்றிப் படித்துவிட்டு நீங்கள் கேட்டது இது: 1916இல் ஆறு பேர் ஒரு சின்னப் படகில் எலிஃபன்ட் தீவிலிருந்து தெற்கு ஜார்ஜியாவுக்குச் சுமார் 800 கடல் மைல் போனார்கள், வழியில் நான்கு முறைதான் சூரியனை அளக்க முடிந்தது, அப்படியும் தீவைப் பிடித்துவிட்டார்கள் என்கிறார்களே, இதை நம்பலாமா, இல்லை வெறும் அதிர்ஷ்டமா? உங்கள் கேள்வியின் உள்ளே இருப்பது, அவ்வளவு குறைவான அளவீடுகளில் எத்தனை மைல் பிழை வரும், அந்தப் பிழையைத் தீவின் அளவு தாங்குமா என்பதுதான். அதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்ல முடியும். நம்பலாம். தீவைப் பிடித்ததில் அதிர்ஷ்டத்தின் பங்கு பலரும் நினைப்பதைவிடக் குறைவு. உயிரோடு கரையேறியதில்தான் அது அதிகம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'எண்டூரன்ஸ்' கப்பல் 1915 நவம்பர் 21 அன்று அண்டார்டிகாவை ஒட்டிய வெடல் கடலின் பனிக்கட்டிகளுக்கு நடுவே மூழ்கியது. 28 பேரும் பனித்தட்டுகளில் மாதக்கணக்கில் மிதந்து, பிறகு மூன்று படகுகளில் 1916 ஏப்ரல் நடுவில் எலிஃபன்ட் தீவை அடைந்தார்கள். அது கப்பல்கள் வராத இடம். ஏப்ரல் 24 அன்று ஷாக்கிள்டன், கப்பல் தலைவர் ஃபிராங்க் வோர்ஸ்லி, டாம் கிரீன், தச்சர் ஹாரி மக்னிஷ், ஜான் வின்சென்ட், திமோத்தி மெக்கார்த்தி ஆகிய ஆறு பேர் உதவி தேடிப் புறப்பட்டார்கள். படகின் நீளம் இருபத்திரண்டரை அடி. மக்னிஷ் பக்கங்களை உயர்த்தி, சறுக்குவண்டிச் சட்டங்கள், பெட்டிப் பலகைகள், கான்வாஸ் துணி ஆகியவற்றைக் கொண்டு ஒரு மேல்தளம் கட்டினார். இன்னொரு படகின் பாய்மரத்தை எடுத்து உள்ளே அடிக்கட்டையோடு சேர்த்துக் கட்டினார். பெரிய அலையில் படகின் முதுகு முறிந்துவிடக் கூடாது என்பதற்காக. படகு கவிழாமலிருக்க அடிபாரமாகக் கற்களை ஏற்றினார்கள். ஃபாக்லாந்து தீவுகள் தூரத்தில் பக்கம்தான், ஆனால் அந்தக் கடலில் காற்றும் நீரோட்டமும் ஓயாமல் மேற்கிலிருந்து வரும். அதை எதிர்த்து அந்தப் படகால் ஏற முடியாது. ஆகவே காற்று தள்ளும் பக்கத்தில் இருந்த தெற்கு ஜார்ஜியாதான் ஒரே வழி. அங்கே திமிங்கில வேட்டை நிலையங்கள் இருந்தன.

இனி அளவீடு. செக்ஸ்டன்ட் ஒரே ஒரு வேலையைத்தான் செய்கிறது: அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளக்கிறது. நண்பகலில் சூரியன் உச்சத்தில் இருக்கும்போது அந்தக் கோணத்தை எடுத்து, அன்றைய சூரியச் சாய்வை, அதாவது சூரியன் நிலநடுக்கோட்டுக்கு எத்தனை பாகை வடக்கே அல்லது தெற்கே நிற்கிறது என்பதை, கடல் பஞ்சாங்கத்தில் பார்த்தால் அட்சரேகை கிடைத்துவிடும். இதற்குத் துல்லியமான கடிகாரம் தேவையில்லை. கோணம் ஏறி நின்று இறங்கத் தொடங்கும் இடத்தைப் பிடித்தால் போதும். பாகையில் அறுபதில் ஒரு பங்கான ஒரு கலை பிழைத்தால், தரையில் ஒரு கடல் மைல் பிழைக்கும். மே மாதத் தொடக்கத்தில் சூரியன் வடக்கே சுமார் 17 பாகையில் இருக்கும். படகு தெற்கே 55 பாகையில் இருந்தால் நண்பகலில்கூடச் சூரியன் 18 பாகை உயரம்தான் எழும். அவ்வளவு தாழ்வில் ஒளி வளைவதற்கு மூன்று கலைபோலத் திருத்த வேண்டும். அது அட்டவணையில் இருக்கிறது, கஷ்டமில்லை. கஷ்டம் சூரிய வட்டத்தின் விளிம்பில்தான். வழக்கமாகக் கீழ் விளிம்பை அடிவானத்தில் தொடவைத்து அளந்து, பிறகு பாதி வட்டத்துக்கு 16 கலை கூட்டுவோம். மூடுபனிக்குப் பின்னால் சூரியன் வெறும் வெளிச்சத் திட்டாகத் தெரிந்தால் விளிம்பு எது, மையம் எது என்று கண்ணால் ஊகிக்க வேண்டியதுதான். வோர்ஸ்லிக்கு நேர்ந்தது அதுதான்.

தீர்க்கரேகைக்குக் கடிகாரம் வேண்டும். பூமி நான்கு விநாடியில் ஒரு கலை சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் அது ஒரு கடல் மைல். 54 பாகைத் தெற்கில் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடுவதால் சுமார் 0.6 மைல். அதாவது குரோனோமீட்டர் என்னும் துல்லியக் கடிகாரம் ஒரு முழு நிமிடம் தவறினால் நிலநடுக்கோட்டில் 15 மைல் பிழை, தெற்கு ஜார்ஜியாவில் ஒன்பது மைலுக்கும் சற்றுக் குறைவு. தென்கடலில் பயணம் செய்ததால் வோர்ஸ்லிக்குக் கிடைத்த ஒரு சலுகை இது; இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. எண்டூரன்ஸில் 24 குரோனோமீட்டர்களோடு கிளம்பியவரிடம், ஒழுங்காக ஓடும் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. பனியில் சிக்கியிருந்த 1915 குளிர்காலத்தில் இயற்பியலாளர் ரெஜினால்ட் ஜேம்ஸும் அவரும், நிலவு விண்மீன்களை மறைக்கும் கணங்களைக் கவனித்துக் கடிகாரங்களைச் சரிபார்த்திருந்தார்கள். அதைவிட முக்கியம், புறப்பட்ட அன்று காலை எலிஃபன்ட் தீவில் சூரியன் கொஞ்ச நேரம் எட்டிப்பார்த்தது. தீவின் இடம் வரைபடத்தில் இருந்தது. தெரிந்த இடத்தில் நின்று சூரியனை அளந்தால் கணக்கைத் திருப்பிப் போட்டுக் கடிகாரப் பிழையைக் கண்டுபிடிக்கலாம். வோர்ஸ்லி அதைச் செய்துவிட்டுத்தான் படகில் ஏறினார். ஆகவே பயணத்தில் சேர்ந்த கடிகாரப் பிழை இரண்டு வாரத்துக்குரியது மட்டுமே. கடிகாரம் நாளுக்கு இரண்டு விநாடி எதிர்பாராமல் ஓடியிருந்தாலும் 14 நாளில் 28 விநாடி. தரையில் நான்கு மைல். எலிஃபன்ட் தீவில் அன்று சூரியன் வராமல் போயிருந்தால் நான் இந்தப் பதிலை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

இதில் ஒரு சிக்கலைப் பெரும்பாலான நூல்கள் தொடுவதே இல்லை. தீர்க்கரேகைக்குச் சூரியனை அளக்கச் சிறந்த நேரம் அது நேர் கிழக்கிலோ நேர் மேற்கிலோ நிற்கும்போது. தென்கோளக் குளிர்காலத்தில் அது நடக்காது. மே மாதத்தில் அங்கே சூரியன் உதிப்பதே நேர் வடக்கிலிருந்து அறுபது பாகைக்குள்தான். எட்டரை மணி நேரப் பகலில் வடக்கு வானத்தில் தாழ்வாக ஒரு வளைவு போட்டுவிட்டு இறங்கிவிடும். காலையில் அளக்கத்தக்க உயரத்துக்கு வரும்போது அது ஏறக்குறைய வடகிழக்கில் நிற்கும். அந்தத் திசையில் எடுத்த அளவீட்டில் அட்சரேகைப் பிழையும் கலந்துவிடும்: நீங்கள் வைத்துக்கொண்ட அட்சரேகை பத்து மைல் தவறு என்றால், கிடைக்கும் இடமும் கிழக்கு மேற்காகப் பத்து மைல் நகரும். கோணத்தில் ஐந்து கலை பிழைத்தால் ஏழு மைல் போகும். ஆகவே காலை அளவீடும் நண்பகல் அளவீடும் ஒரே நாளில் கிடைப்பது மிகப் பெரிய லாபம். ஒன்று மட்டும் கிடைத்தால் அது பாதி விடைதான்.

படகில் அளப்பது எப்படி என்றால், வோர்ஸ்லி பலகையில் முழங்காலிட்டு எழுந்து நிமிர, இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். ஷாக்கிள்டன் கீழே குரோனோமீட்டரோடு தயாராக இருப்பார். அலைப்பள்ளத்தில் இருக்கும்போது சுற்றிலும் நீர்ச்சுவர்தான். முகட்டில் ஏறும் ஓரிரு விநாடிகளில் அடிவானம் தெரியும். அதற்குள் சூரியனைக் கொண்டுவந்து பொருத்திக் குரல் கொடுக்க வேண்டும், உடனே நேரம் குறிக்கப்படும். கண் கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் அடிவானத் தாழ்வுக்கு 2.5 கலை கழிக்க வேண்டும்; ஆறு மீட்டர் என்றால் 4.3 கலை. முகட்டில் ஏறிய கணத்தில் எத்தனை மீட்டர் என்று யார் சொல்வது? இது இரண்டு கலை விவகாரம், பொறுத்துக்கொள்ளலாம். பெரிய ஆபத்து பொய்யான அடிவானம். ஒரு மைலுக்குள் எழும் இன்னொரு அலையின் முகட்டை அடிவானம் என்று எடுத்துக்கொண்டால், உண்மையான அடிவானத்தைவிட மேலே ஒரு கோட்டிலிருந்து அளக்கிறீர்கள்; கோணம் குறைந்துவிடும். சூரியன் வடக்கில் இருக்கும் இடத்தில் கோணம் குறைந்தால் கணக்கு உங்களை உண்மையைவிடத் தெற்கே காட்டும். அதாவது நீங்கள் நினைப்பதைவிட வடக்கே இருக்கிறீர்கள். இது ஏன் ஆபத்து என்பதற்குக் கீழே வருகிறேன். பல கோணங்களை அடுத்தடுத்து எடுத்துச் சராசரி பார்ப்பது சிதறலைக் குறைக்கும். ஒரே பக்கம் சாயும் இந்தப் பிழையை அது குறைக்காது.

அளவீடுகளுக்கு இடைப்பட்ட நாட்களில் திசையையும் வேகத்தையும் வைத்து இடத்தை ஊகிப்பதுதான் வழி. படகின் வேகத்தை வோர்ஸ்லி கண்ணால் மதித்தார். இரவில் திசைகாட்டியைப் பார்க்க விளக்கு கிடையாது. மெழுகுவத்தித் துண்டைக் கரை நெருங்கும் நேரத்துக்கென்று சேமித்து வைத்தார்கள். சுக்கான் பிடித்தவர் கன்னத்தில் படும் காற்றையும், பாய்மரத்தில் கட்டிய சிறு கொடியையும், அலை படகைத் தூக்கும் விதத்தையும் வைத்தே திசை காத்தார். இடையில் கடும்புயலில் மிதவை நங்கூரம் (நீரில் இழுபட்டுப் படகை அலைக்கு நேராக நிறுத்தும் துணிப்பை) போட்டு நின்றார்கள்; படகு முழுக்கப் பனி உறைந்து, எடை கூடிக் கவிழும் நிலைக்கு வந்தது, முறைபோட்டுக் கோடரியால் செதுக்கித் தள்ளினார்கள். கடைசியில் பனிக்கட்டி உராய்ந்து நங்கூரக் கயிறு அறுந்தே போனது. அந்த நேரங்களில் படகு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்பது ஊகம்தான். வேகத்தை அரை நாட் (மணிக்கு அரைக் கடல் மைல்) தவறாக மதித்தால் ஒரு நாளில் 12 மைல். மூன்று நாளில் 36 மைல். திசை பத்து பாகை தவறினால் 60 மைலுக்குப் பத்து மைல் விலகும். சூரியனே பார்க்காமல் 14 நாள் போயிருந்தால் நூறு மைல் தள்ளிப் போயிருப்பார்கள், தீவைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு நல்ல அளவீடு கிடைத்ததும் அதுவரை சேர்ந்த ஊகப்பிழை முழுவதும் அழிந்துவிடுகிறது. ஆகவே மொத்தம் எத்தனை முறை சூரியனைப் பார்த்தார்கள் என்பதைவிடக் கடைசி முறை எப்போது என்பதுதான் கணக்கில் வரும். கடைசி அளவீடு மே 7 அன்று, மோசமான மூடுபனியில், படகு துள்ளிக்கொண்டிருக்கும்போது எடுக்கப்பட்டது. மறுநாள் நண்பகல் தாண்டிக் கரை தெரிந்தது. இடையில் ஊகத்தில் போனது ஒரே ஒரு நாள். 'நான்கு முறை' என்ற எண்ணைக் கேட்டு மலைத்துப் போவதற்கு முன் இதைக் கவனியுங்கள்.

அடுத்து இலக்கு. எலிஃபன்ட் தீவிலிருந்து தெற்கு ஜார்ஜியா வடகிழக்கே, நேர்கோட்டில் சுமார் 700 மைல். தீவு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நூறு மைலுக்குச் சற்றுக் குறைவான நீளத்தில் படுத்திருக்கிறது. வரும் திசைக்கு ஏறக்குறையக் குறுக்காக! ஒல்லியான தீவு தன் முழு நீளத்தையும் அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் திமிங்கில நிலையங்கள் இருந்தவை மறுபக்கமான வடகிழக்குக் கரையில். அங்கே போக வடமேற்கு முனையைச் சுற்றுவதுதான் முதலில் நினைத்த வழி. கடைசி அளவீட்டுக்குப் பிறகு வோர்ஸ்லி, தன் கணக்கில் பத்து மைல் வரை பிழை இருக்கலாம் என்று ஷாக்கிள்டனிடம் சொன்னார். முனையை ஒட்டிப் போகிறவனுக்குப் பத்து மைல் பிழை உயிரையே வாங்கிவிடும். நினைத்ததைவிட வடக்கே இருந்துவிட்டால் இருட்டிலோ மூடுபனியிலோ தீவைக் கடந்துவிடுவார்கள், மேற்குக் காற்றில் திரும்பி வர முடியாது, கிழக்கே ஆயிரக்கணக்கான மைலுக்குக் கடல். பொய்யான அடிவானம் தரும் பிழையும் அதே பக்கம்தான் தள்ளும் என்று மேலே சொன்னேன். ஆகவே முனையை விட்டுத் தெற்கே தள்ளி, ஆளில்லாத தென்மேற்குக் கரையின் நடுவை நோக்கித் திருப்பினார்கள். இப்போது பத்து மைல் இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் போனாலும் கரை உண்டு.

என் மதிப்பில் அந்தப் பயணத்தின் மிகச் சிறந்த மாலுமித்தனம் இதுதான். செக்ஸ்டன்டை அந்த ஆட்டத்தில் பிடித்தது பெரிய திறமை. தன் விடையில் எவ்வளவு பிழை இருக்கும் என்று ஒளிக்காமல் சொன்னதும், அந்த எண்ணைக் கேட்டு ஷாக்கிள்டன் இலக்கை மாற்றியதும் அதைவிடப் பெரியவை. அதற்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல. கரையேறியது ஆளில்லாத பக்கம் என்பதால், ஷாக்கிள்டன், வோர்ஸ்லி, கிரீன் மூவரும் மே 19 அன்று கிளம்பி, வரைபடத்தில் வெற்றிடமாக இருந்த மலைகளை 36 மணி நேரத்தில் நடந்து கடந்துதான் ஸ்ட்ரோம்னெஸ் நிலையத்தை அடைந்தார்கள்.

வோர்ஸ்லியின் துல்லியத்துக்குப் படகுப் பயணத்துக்கு வெளியே ஒரு சான்று இருக்கிறது. எண்டூரன்ஸ் மூழ்கிய இடத்தை அவர் 1915இல் குறித்து வைத்திருந்தார். பனித்தட்டு நகர்ந்துகொண்டே இருக்க, முன்னும் பின்னுமான நாட்களில் கிடைத்த சூரிய அளவீடுகளைக் கொண்டு அதைக் கணித்தார். 2022 மார்ச் மாதம் கப்பலின் உடல் 3008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் குறித்த இடத்துக்குத் தெற்கே சுமார் நான்கு மைலில். பனித்தட்டு படகைப் போல ஆடாது என்பதால் இரண்டையும் சமமாக வைக்கக் கூடாது. ஆனாலும் அவர் கடிகாரத்தையும் கணக்கையும் கையாண்ட தரத்துக்கு இதைவிட நல்ல சோதனை கிடைக்காது. ஆடும் படகில் அது பத்து மைலாக விரிந்தது என்றால் பொருந்தித்தான் வருகிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியவை எவை, கூடாதவை எவை என்றும் பிரித்துவிடுகிறேன். புறப்பட்ட நாள், கரை கண்ட நாள், மே 10 அன்று கிங் ஹாகோன் விரிகுடாவில் இறங்கியது, அளவீட்டு முறை ஆகியவை உறுதி. வோர்ஸ்லி கணக்குப் போட்ட குறிப்பேடு நியூசிலாந்தில் கிரைஸ்ட்சர்ச் நகரின் கேன்டர்பரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்காலத்தில் எழுதிய நினைவுநூல்களைவிட நான் அதையே நம்புவேன். 'நான்கு முறை' என்பதை நான்கு நாள் என்று புரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் சூரியன் கிடைத்த நாளில் ஒரே கோணத்தோடு யாரும் நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். மே 5 நள்ளிரவில் வந்த ராட்சத அலை, 26 ஆண்டுக் கடல் வாழ்வில் காணாதது என்று ஷாக்கிள்டன் எழுதினார். அலை வந்ததைச் சந்தேகிக்கக் காரணமில்லை. அதற்கு இத்தனை அடி உயரம் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். இருட்டில், படகில் பாதி நிறைந்த நீரை இறைத்துக்கொண்டிருந்தவர்களால் அலையின் உயரத்தை அளந்திருக்க முடியாது.

அதிர்ஷ்டம் எங்கே இருந்தது என்றால், படகு தாங்கியதில். இரண்டு நீர்ப் பீப்பாய்களில் ஒன்றில் கிளம்பும்போதே கடல்நீர் கலந்துவிட்டது. கடைசி நாட்களில் நாக்கு வீங்கும் அளவுக்குத் தாகம். மே 8 அன்று கரை தெரிந்தும் இறங்க முடியாமல் கடும்புயல் அவர்களைப் பாறைகளை நோக்கித் தள்ளியது. அதிலிருந்து விடுபட ஒரு பகலும் இரவும் ஆனது. புயல் அடங்கிய பின், பாய்மரத்தைப் பிடித்திருந்த இரும்புப் பட்டையின் ஆணி தானாகக் கழன்று விழுந்தது. புயலின் நடுவில் அது விழுந்திருந்தால் மரம் சாய்ந்திருக்கும், வோர்ஸ்லியின் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை. எந்த செக்ஸ்டன்டாலும் தடுக்க முடியாத விஷயங்கள் இவை. கரைக்கு வழிகாட்டியதில்கூடக் கடைசி நேரத்தில் உதவியவை கடற்பாசியும் நீர்க்காகங்களும். நீர்க்காகம் கரையிலிருந்து 15 மைலுக்கு மேல் போகாது என்பது வோர்ஸ்லியின் அனுபவம். மே 8 காலை அவற்றைப் பார்த்ததும் கணக்கு சரி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

இன்று யாராவது இதைச் செய்து காட்டியிருக்கிறார்களா என்றும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். 2013இல் டிம் ஜார்விஸ் தலைமையில் ஒரு குழு அதே அளவில் கட்டிய படகில், பழைய முறைக் கருவிகளோடு அதே வழியில் போய்ச் சேர்ந்தது. மிகுந்த துணிச்சலான காரியம். அப்படிப்பட்ட படகு அந்தக் கடலைத் தாங்கும் என்பதற்கு நல்ல சான்று. ஆனால் அவர்கள் போனது ஜனவரி கடைசியில், தென்கோளக் கோடையில். அப்போது அங்கே பகல் 16 மணி நேரம், நண்பகலில் சூரியன் 50 பாகைக்கு மேல் எழும், காலையிலும் மாலையிலும் நேர் கிழக்கு மேற்கைக் கடந்தே போகும். வோர்ஸ்லிக்கு இருந்தது எட்டரை மணி நேரப் பகலும் 18 பாகைச் சூரியனும். அவருடைய கணக்கைச் சோதிக்க வேண்டுமென்றால் அதே ஏப்ரல் கடைசியில்தான் கிளம்ப வேண்டும்.